ரத்த வங்கி வழியாக ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மருத்துவம் முடித்திருக்கிறார். ரத்தமாற்று மருத்துவத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆசை என்னவோ ஸ்டெம் செல் (மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்று சிகிச்சையில் ஆராய்ச்சி செய்வதில். "ரத்த வங்கிக்குள் போய்விட்டால் பைகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அது உண்மையா, இந்தத் துறையில் ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும், முதல் சில வருடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

உண்மை இல்லை. நான் இந்தத் துறையில் நெடுங்காலமாக இருப்பவன். கொடையாளரின் ரத்தம் நோயாளிக்குச் சேருமா என்று கிராஸ் மேட்ச் போடும் மேசையிலும், ஸ்டெம் செல்களைப் பதப்படுத்தி உறையவைக்கும் அறையிலும் மாறி மாறி வேலை பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு துறைகள் என்பது கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டுவதற்காகச் செய்த பிரிவு. அறிவியல் அப்படிப் பிரியவில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சை இன்று எந்தெந்தக் கருவிகளை நம்பி நிற்கிறதோ, அவற்றில் முக்கால்வாசி ரத்தம் ஏற்றும்போது எழுந்த கேள்விகளிலிருந்து பிறந்தவை.

பொருத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் மஜ்ஜை தங்கைக்குச் சேருமா என்று பார்க்க, வெள்ளையணு முதலான செல்களின் மேல் இருக்கும் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களின் வகை பார்க்கிறோம். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்த எச்.எல்.ஏ. எங்கிருந்து வந்தது? 1950களில் பாரிசில் ரத்தமாற்று மையத்தில் வேலை பார்த்த ஜான் தோசே, பல முறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிந்த நீரை, பிறருடைய வெள்ளையணுக்களோடு கலந்து பார்த்தார். அவை திரண்டன. அதே நோயாளியின் சொந்த வெள்ளையணுக்கள் திரளவில்லை. அப்படியென்றால் உடல் தன்னையே தாக்கிக்கொள்ளவில்லை. ஏற்றிய ரத்தத்தோடு உள்ளே வந்த ஏதோ ஒன்றுக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்கிறது. 1958இல் அவர் 'மேக்' என்று பெயரிட்டு விவரித்த, ஆன்டிபாடியைத் தூண்டும் அந்த ஆன்டிஜென்தான் எச்.எல்.ஏ. குடும்பத்தில் முதலில் அடையாளம் காணப்பட்டது. 1980இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

அதே காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் யோன் வான் ரூட் ரத்த வங்கியைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு தாய்க்குக் கடுமையான எதிர்விளைவு வந்தது. குரூப் சரி, கிராஸ் மேட்ச் சரி. பிறகு ஏன்? அந்தத் தாயின் சீரத்தில் வெள்ளையணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. கர்ப்பத்தின்போது குழந்தையின் செல்களைச் சந்தித்ததால் அது வந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் அதே சமயத்தில் இதே முடிவுக்கு வந்திருந்தார். வான் ரூட் அதோடு நிற்கவில்லை. தாய்மார்களின் சீரத்தைச் சேகரித்து, எது எந்த வெள்ளையணுவோடு வினைபுரிகிறது என்று பெரிய அட்டவணை போட்டு, 1960களின் தொடக்கத்திலேயே கணினியை வைத்து அதைப் பிரித்துப் பார்த்தார். உறுப்புகளைப் பொருத்தம் பார்த்து நாடுகளுக்கிடையே பகிர்ந்துகொள்ளும் யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பை 1967இல் தொடங்கியவரும் இவர்தான்.

இந்த இருவரையும் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்குக் குளிர்காய்ச்சல் வருவது எந்த மருத்துவமனையிலும் நடக்கும் சங்கதி. பெரும்பாலும் பையை நிறுத்தி, மருந்து கொடுத்து, படிவத்தை நிரப்பி, கோப்பில் போட்டுவிடுவோம். இவர்கள் அந்தப் படிவத்திலேயே நின்று யோசித்தார்கள். நீங்கள் போய்ச் சேரப்போகும் துறையில் அந்தப் படிவங்கள் தினமும் உங்கள் மேசைக்கு வரும்.

அப்புறம் செல்களைச் சேகரிக்கும் இயந்திரம். இன்று கொடையாளரை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பது குறைந்துவிட்டது. சில நாள் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி போட்டு, ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்த ஓட்டத்துக்கு வரவழைத்து, வேண்டிய செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் அபெரிசிஸ் இயந்திரத்தில் பிரித்தெடுக்கிறோம். அந்த இயந்திரத்தின் மூதாதையை 1960களில் உருவாக்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஜட்சன் என்ற ஐ.பி.எம். பொறியாளர். அவருடைய மகனுக்கு ரத்தப் புற்றுநோய். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக்கின் குழுவோடு சேர்ந்து, ஓடும் ரத்தத்திலிருந்தே வெள்ளையணுக்களைப் பிரிக்கும் கருவியைச் செய்தார். அதே ஃப்ரைரைக்தான் ரத்தப்போக்கால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பிளேட்லெட் ஏற்றினால் ரத்தப்போக்கு நிற்கும் என்று காட்டியவர். வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் எடுக்க வந்த அபெரிசிஸ் முறை பிற்பாடு ஸ்டெம் செல் சேகரிப்பின் முதுகெலும்பாகிவிட்டது. இன்று கார்-டி சிகிச்சைக்கு (நோய் எதிர்ப்பு செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்கவைப்பது) நோயாளியின் டி செல்களை எடுப்பதும் இதே வழியில்தான். அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த, கொடையாளரின் கால்சியம் குறைந்து உதடு மரத்துப்போவதைப் பார்த்ததும் புரிந்துகொள்கிற ஆள் யார்? ரத்தமாற்றுத் துறைக்காரர்.

செல்களை உறையவைப்பதும் இப்படியே. சிவப்பணுக்களைக் கிளிசராலில் உறையவைக்கும் வேலையும், 1959இல் வந்த டி.எம்.எஸ்.ஓ. என்ற காப்புத் திரவமும் இல்லாவிட்டால், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் ஸ்டெம் செல் பைகள் வருடக்கணக்கில் கிடக்க முடியாது. தொப்புள்கொடி ரத்தம் இன்னொரு உதாரணம். 1988இல் பாரிசில் எலியான் குளுக்மான், ஃபான்கோனி ரத்தசோகை இருந்த ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார். பிரசவத்தில் சேகரித்த ரத்தத்தை அமெரிக்காவின் இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மையரின் ஆய்வகம் உறையவைத்து வைத்திருந்தது. அந்தச் சிகிச்சை வெற்றி பெற்ற பிறகு, யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பதற்கான பொது தொப்புள்கொடி ரத்த வங்கியை 1990களின் தொடக்கத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் ஆரம்பித்தது எங்கே தெரியுமா? நியூயார்க் ரத்த மையத்தில்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாக நிற்க விரும்புகிறேன். மாற்று சிகிச்சைக்கு முன்னால் ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தமும் அந்த மாற்றின் தலைவிதியைப் பாதிக்கும் என்பது இன்று பாடப்புத்தக விஷயம். இதைக் கண்டுபிடித்த வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில், மஜ்ஜை மாற்று சிகிச்சையின் முன்னோடியான டொனால் தாமசின் குழுவில் 1965இல் சேர்ந்த ரெய்னர் ஸ்டார்ப், நாய்களில் மஜ்ஜை மாற்று செய்து பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றுக்கு முன்பே கொடையாளி நாயின் ரத்தத்தை ஏற்றியிருந்தால், வகை பொருந்தியிருந்தும் மஜ்ஜையை உடல் தள்ளிவிட்டது. மனிதர்களிலும், குறிப்பாக மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்யாமல் போகும் ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளில், முன்பு நிறைய ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம் மஜ்ஜை ஒட்டாமல் போவது அதிகமாக இருந்தது. இதனால்தான் மாற்று சிகிச்சைக்குப் போகப்போகிறவருக்குக் குடும்பத்தாரின் ரத்தத்தை ஏற்றாதீர்கள் என்கிறோம். வெள்ளையணுக்களை வடிகட்டிய ரத்தம் கொடுங்கள் என்று வற்புறுத்துவதும் இதனால்தான்.

கதிர்வீச்சு கொடுத்த ரத்தமும் அந்த வரிசையில் வரும். நோய் எதிர்ப்பு சக்தி அறவே இல்லாத நோயாளிக்குச் சாதாரண ரத்தப் பையை ஏற்றினால், அதிலுள்ள கொடையாளரின் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் பிழைத்து, பெருகி, நோயாளியின் உடலைத் தாக்கலாம். மிக அரிது; ஆனால் வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். பையின் நடுப்பகுதிக்கு 25 கிரே கதிர்வீச்சு கொடுத்தால் இதைத் தடுத்துவிடலாம். எத்தனையோ நிபுணர்கள் சேர்ந்து மாதக்கணக்கில் காப்பாற்றிய ஓர் உயிரை, இந்த ஒரு படி தவறினால் இழந்துவிடலாம். ரத்த வங்கியைப் பின்னறை என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

இப்போது மேசையில் நடப்பதைக் காட்டுகிறேன். நோயாளி ஓ பாசிடிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏ பாசிடிவ் அண்ணனின் ஸ்டெம் செல் செலுத்தப்பட்டிருக்கிறது. எச்.எல்.ஏ. வேறு, ரத்த வகை வேறு. இரண்டும் தனித்தனியாக மரபில் வருவதால் இப்படி குரூப் மாறிய மாற்றுகள் சர்வ சாதாரணம். சில வாரங்கள் கழித்து அவருடைய ரத்தம் குரூப் பார்க்க வருகிறது. ஏ செல்களைத் திரளவைக்கும் ஆன்டி-ஏ என்ற ஆன்டிபாடி உள்ள ஜெல் கார்டில் போட்டுச் சுழற்றி எடுத்தால், செல்களில் ஒரு பகுதி ஜெல்லின் மேல்மட்டத்தில் சிவப்புக் கோடாக நிற்கும். மீதி அடியில் பொத்தானாக உட்கார்ந்திருக்கும். ஒரே குழாயில் இரண்டு ஆட்களின் ரத்தம். பழைய ஓ செல்களும் ஏற்றிய ஓ செல்களும் அடியில். அண்ணனின் மஜ்ஜை புதிதாகச் செய்த ஏ செல்கள் மேலே. வாரம் போகப் போக அடியில் இருப்பது மெலிந்து, மேலே இருக்கும் கோடு தடிக்கும். ஒரு மனிதரின் ரத்த வகை மாறுவதை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள்.

அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டியதும் நீங்கள்தான். இந்த ஆளுக்கு இப்போது எந்த குரூப் சிவப்பணு கொடுப்பது? ஓ. பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும்? ஆன்டி-ஏ இல்லாதது வேண்டும். அதனால் ஏ அல்லது ஏ.பி. எப்போது அவரை ஏ குரூப் என்று பதிவேட்டில் மாற்றுவது? பழைய ஆன்டி-ஏ அவர் உடலில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் புதிய மஜ்ஜை செய்யும் சிவப்பணுக்கள் பிறக்கும்போதே அழிந்து, வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் ஏறினாலும் ஹீமோகுளோபின் மட்டும் மாதக்கணக்கில் ஏறாமல் கிடக்கும். நிலைமை தலைகீழாக, ஓ கொடையாளர் ஏ நோயாளிக்குக் கொடுத்திருந்தால் ஆபத்து வேறு வடிவில் வரும். கொடையாளரின் லிம்போசைட்டுகள் புதிய உடலில் ஆன்டி-ஏ செய்யத் தொடங்கி, 5 முதல் 15 நாட்களுக்குள் நோயாளியின் சிவப்பணுக்களைத் திடீரென்று உடைக்கும். அந்த நாட்களில் தினமும் கூம்ப்ஸ் பரிசோதனை (சிவப்பணுவின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று காட்டுவது) பார்க்கிறவர், வார்டில் இருக்கும் மருத்துவருக்கு முன்னால் ஆபத்தைப் பார்த்துவிடுவார். இதில் ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆய்வுக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

சரி, ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? இரண்டு பேரின் கதையைச் சொல்கிறேன். இருவரும் வெவ்வேறு விதமானவர்கள்.

டொனால் தாமஸ் 1957இல் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்த ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதை வெளியிட்டார். ஆறு பேரும் இறந்துபோனார்கள். உலகில் மற்றவர்கள் செய்ததும் இதே கதைதான். 1970இல் மார்ட்டிமர் பார்ட்டின் தொகுத்த கணக்கில், அதுவரை வெளியான இருநூறு சொச்சம் மாற்றுகளில் ஏறக்குறைய எல்லாமே தோல்வி. பெரும்பாலோர் இது நடக்காத காரியம் என்று விட்டுவிட்டார்கள். தாமஸ் விடவில்லை. ஆனால் அதற்காகப் பிடிவாதமாக மனிதர்களில் செய்துகொண்டே போகவும் இல்லை, நாய்களிடம் திரும்பினார். எதனால் மஜ்ஜை ஒட்டவில்லை, ஒட்டியபின் எதனால் உடலைத் தாக்குகிறது, மெத்தோட்ரெக்சேட் மருந்து கொடுத்தால் அது அடங்குகிறதா என்று வருடக்கணக்கில் பார்த்தார். எச்.எல்.ஏ. அறிவு கைக்கு வந்த பிறகு, 1969இல் மறுபடி மனிதர்களுக்கு வந்தார்.

1977இல் அவர் குழு 100 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. எல்லோரும் வேறு வழியே இல்லாத, முற்றிய ரத்தப் புற்றுநோயாளிகள். நோய் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் 13 பேர். 87 பேர் போய்விட்டார்கள் என்று பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வருவார். அந்த 13 பேரும் வேறு எந்த வழியிலும் பிழைத்திருக்க முடியாதவர்கள் என்று பார்த்த தாமஸ், நோய் முற்றுவதற்கு முன்பே, முதல் முறை கட்டுப்பாட்டுக்குள் வந்த கட்டத்திலேயே செய்தால் என்ன என்று கேட்டார். செய்தார்கள்; பலன் வெகுவாகக் கூடியது. 1990இல் நோபல் பரிசு. 2012 டிசம்பரில் உலகில் நடந்த ஸ்டெம் செல் மாற்றுகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு அக்டோபரில்தான் அவர் காலமானார்.

அவருடைய மனைவி டாட்டி தாமசைச் சொல்லாமல் விட முடியாது. இதழியல் படித்துக்கொண்டிருந்தவர், கணவரோடு சேர்ந்து வேலை செய்வதற்காகவே ஆய்வகத் தொழில்நுட்பம் கற்றார். ரத்தம் எடுப்பதிலிருந்து கட்டுரைகளைத் திருத்துவது, நிர்வாகத்தைப் பார்ப்பது வரை எல்லாம் அவர் கையில் இருந்தது. மஜ்ஜை மாற்றின் தந்தை தாமஸ் என்றால் தாய் டாட்டி என்று அந்தத் துறையினரே சொன்னார்கள். மருத்துவப் பட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு இது என் பதில். நல்ல தொழில்நுட்பர் இல்லாத ஆய்வகத்தில் நல்ல ஆராய்ச்சி நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாமவர் ஹார்வி ஆல்ட்டர். இவர் முழுக்க முழுக்க ரத்த வங்கிக்காரர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ரத்த வங்கியில் வாழ்நாளைக் கழித்தவர். 1960களின் இறுதியில் இதய அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. ஆல்ட்டர் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும் வேலை. கொடையாளரின் மாதிரி, நோயாளிக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரி, பின்னால் வாரம் தவறாமல் எடுத்த மாதிரி என்று எல்லாவற்றையும் உறைபெட்டியில் சேர்த்துவைத்தார். ஹெபடைடிஸ் பி, ஏ ஆகியவற்றுக்குச் சோதனைகள் வந்தபோது பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் இரண்டும் இல்லை. 1975இல் அதை வெளியிட்டார்: ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, வேறு ஏதோ ஒன்று.

அதற்குப் பிறகு பத்து வருடங்களுக்கு மேல், அந்த வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஆய்வகம் ஆய்வகமாகக் கிளம்பினார்கள். ஆல்ட்டர் அவர்களுக்கு ஒரு தொகுப்பை அனுப்புவார். நோய்த்தொற்று உறுதியான மாதிரிகள், தொற்று இல்லாதவை, ஒரே மாதிரியே இரண்டு முறை, எல்லாம் கலந்து, வெறும் குறியீட்டு எண் மட்டும் ஒட்டியிருக்கும். அதைச் சரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராகத் தோற்றார்கள். 1989இல் மைக்கேல் ஹட்டனின் குழு ஹெபடைடிஸ் சி வைரசைக் கண்டுபிடித்தபோதுதான் அந்தத் தொகுப்பு முதல் முறையாகச் சரியாகப் பிரிந்தது. அந்தச் சோதனை நடைமுறைக்கு வந்த சில வருடங்களில், ரத்தம் ஏற்றுவதால் வரும் ஹெபடைடிஸ் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. 2020இல் ஆல்ட்டர், ஹட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் நோபல். என்னைக் கேட்டால், வைரசைக் கண்டுபிடித்தது எவ்வளவு பெரிய சாதனையோ, பொய்யான கண்டுபிடிப்பு ஒன்றுகூட நடைமுறைக்கு வராமல் அந்தத் தொகுப்பை வைத்துக் காவல் காத்ததும் அவ்வளவு பெரிய சாதனை. அதை ரத்த வங்கியில் இருந்தவரால்தான் செய்ய முடிந்தது. மாதிரிகள் அங்கேதான் இருந்தன.

நோபல்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் துறையில் பெரும்பாலான நல்ல வாழ்க்கைகள் ஒரே ஒரு செல்லோடு கழிந்தவை. ஷெரில் ஸ்லிக்டர் வாழ்நாள் முழுக்கப் பிளேட்லெட்டையே ஆராய்ந்தார். பிளேட்லெட்டைக் குளிரில் வைக்காமல் அறை வெப்பநிலையில், 20 முதல் 24 டிகிரியில் வைத்தால்தான் உடலில் நீடிக்கும் என்று 1969இல் மர்ஃபியும் கார்ட்னரும் காட்டிய பிறகு, எவ்வளவு நாள் வைக்கலாம், எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்த அளவுக்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் எழுந்தன. ஸ்லிக்டர் தலைமையில் 2010இல் வெளியான பெரிய ஆய்வு, ஒரு முறை ஏற்றும் பிளேட்லெட்டின் அளவைப் பாதியாகக் குறைத்தாலும் ரத்தப்போக்கு கூடுவதில்லை என்று காட்டியது. கேட்பதற்குச் சின்ன விஷயம். பிளேட்லெட் கிடைக்காமல் அலைந்த எந்தக் குடும்பத்துக்கும் அது சின்ன விஷயம் இல்லை.

மியூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் செய்ததும் எனக்கு மிகப் பிடித்த ஒன்று. மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்த மூன்று பேருக்கு, அதே கொடையாளரின் வெள்ளையணுக்களை ஏற்றினார். நோய் மறைந்தது. 1990இல் வெளியான அந்தக் கட்டுரை, கொடையாளரின் நோய் எதிர்ப்பு செல்களே புற்றுநோயை அழிக்கின்றன என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆக்கியது. சற்று யோசித்துப் பாருங்கள்: செயல்முறை என்ற அளவில் அது ஒரு பை வெள்ளையணு ஏற்றியது, அவ்வளவுதான்.

இனி நடைமுறை. மருத்துவராக வருகிறவருக்கு முதல் இரண்டு வருடம் செரோலஜி, அதாவது ரத்தத்தில் ஆன்டிஜென், ஆன்டிபாடி பார்க்கும் வேலை. அதைக் குறுக்குவழியில் கடக்காதீர்கள். ஆன்டிபாடி அடையாளம் காணும் பேனலை (ஆன்டிஜென் தெரிந்த சிவப்பணுக்களின் வரிசை) நீங்களே எழுதிப் பார்த்து விடை கண்டுபிடியுங்கள். இயந்திரம் அச்சடித்துத் தரும் முடிவை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு, முடிவு தவறாக வரும் நாளில் என்ன செய்வதென்று தெரியாது. அடுத்து அபெரிசிஸ். அதன் பிறகு செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், ஸ்டெம் செல்லின் மேல் இருக்கும் சி.டி.34 என்ற அடையாளத்தை எண்ணுவது. கர்ட் சிவின் 1984இல் கண்டுபிடித்த இந்த அடையாளத்தை வைத்துத்தான் பையில் எத்தனை ஸ்டெம் செல் இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். நோயாளியின் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் என்பது குறைந்தபட்ச அளவாகப் பரவலாக ஏற்கப்பட்டது. இன்றைக்கு எடுத்தது போதுமா, நாளைக்கு மறுபடி கொடையாளரைக் கூப்பிட வேண்டுமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. ஆகவே அந்த எண்ணை யார் பார்த்தாலும் ஒரே மாதிரி வரவேண்டும். இந்த ஒழுங்குதான் செல் சிகிச்சை ஆய்வகத்தின் உயிர்.

அறிவியலில் பட்டம் பெற்று முனைவர் ஆய்வு வழியாக வருகிறவர்களுக்குப் பாதை வேறு. எச்.எல்.ஏ. ஆய்வகம், செல் பதப்படுத்தும் ஆய்வகம், மரபணுத் திருத்தம் என்று நேராக நுழையலாம். ஆனால் அவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. மாற்று சிகிச்சை வார்டுக்கு வாரம் ஒரு முறையாவது போங்கள். வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல் இருக்கும் நோயாளியைப் பார்த்தவர், "வெள்ளையணு இரண்டு நாள் முன்னதாக ஏறியது" என்ற வரியை வேறு விதமாகப் படிப்பார்.

புள்ளியியலைத் தவிர்க்க முடியாது. ஒரு மையத்தில் வருடத்துக்கு நடக்கும் மாற்றுகள் குறைவு, நோய்கள் பலவிதம், நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் பல விஷயங்கள் நடக்கின்றன. ரத்தம் நிறைய ஏற்றியவர்களுக்கு முடிவு மோசம் என்று தரவு காட்டும். ஆனால் நோய் மோசமாக இருந்ததால்தானே நிறைய ஏற்றினோம்? காரணத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இந்தத் துறையில் வெளியான கட்டுரைகள் ஏராளம். பல மையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளில் இளம் வயதிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். பெயர் பதினைந்தாவதாக வந்தாலும் பரவாயில்லை. ஆய்வுத் திட்டம் எழுதுவது எப்படி, ஒப்புதல் வாங்குவது எப்படி என்று அங்கேதான் கற்க முடியும்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். வேலை நேரம் ஒழுங்காக இருக்காது. ஸ்டெம் செல் பை எந்த ஊரிலிருந்து எப்போது வந்து இறங்குகிறதோ அப்போது நீங்கள் இருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு விடை கிடைக்க ஐந்து, பத்து வருடம் ஆகும். மாதக்கணக்கில் பெயர் தெரிந்து, முகம் தெரிந்து, தினமும் யாருக்காகப் பை தயார் செய்தீர்களோ அவர் இறந்துபோவார். இதற்குப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேசுவதற்கு ஆட்கள் உள்ள துறையாகப் பார்த்துச் சேருங்கள்.

இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், நிறைய. பாதிப் பொருத்தமுள்ள தாய், தந்தை, பிள்ளைகளிடமிருந்து மாற்று செய்வது இப்போது பரவலாகிவிட்டது. அதில் நோயாளியின் உடலில் கொடையாளருக்கு எதிரான எச்.எல்.ஏ. ஆன்டிபாடி இருந்தால் மாற்று தோற்கலாம். அந்த ஆன்டிபாடி வருவது பெரும்பாலும் கர்ப்பத்தாலும் முன்பு ஏற்றிய ரத்தத்தாலும். தோசேயின் சீரம் மறுபடி நம் மேசைக்கே வந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயில், இத்தாலியின் பெசாரோ நகரில் கைடோ லூகரெல்லி காட்டியதுபோல, மாற்றுக்கு முன் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது, இரும்பை எவ்வளவு ஒழுங்காக வெளியேற்றினார்கள் என்பவை முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரு பை சிவப்பணுவில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்து எப்படி ரத்தம் ஏற்றினோம் என்பது பிற்பாடு மாற்றின் வெற்றியில் வந்து நிற்கிறது. இப்போது மரபணுத் திருத்த சிகிச்சையும் வந்துவிட்டது. 2023இன் இறுதியில் அரிவாள் செல் நோய்க்கு முதல் கிரிஸ்பர் சிகிச்சை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அதற்கும் முதல் படி அபெரிசிஸ்தான்.

எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. பாரிசில் லூக் டூவே 2011இல், ஒருவருடைய ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த சிவப்பணுக்களை அவருக்கே செலுத்தி, அவை உடலில் பிழைப்பதைக் காட்டினார். 2022இல் பிரிட்டனில், கொடையாளரின் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த சிவப்பணுக்களை முதன்முறையாக வேறொருவருக்கு ஏற்றினார்கள். சில தேக்கரண்டி அளவுதான். அபூர்வ ரத்த வகைக்காரர்களுக்கு ஒரு நாள் இது கைகொடுக்கலாம். முழுப் பை அளவுக்கு வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை.

கடைசியாக, ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்ற கவலை உங்களுக்குச் சீக்கிரமே வரும். என் யோசனை: உங்கள் மையத்தில் நடந்த குரூப் மாறிய மாற்றுகளை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் மாற்றுக்கு முன் ஆன்டி-ஏ, ஆன்டி-பி டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) எவ்வளவு, ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எப்போது ஏறத் தொடங்கியது, கடைசியாகச் சிவப்பணு ஏற்றியது எப்போது என்று ஓர் அட்டவணையில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். புதிதாக எந்தக் கருவியும் வேண்டாம். ரத்த வங்கியின் பதிவேடும் வார்டின் கோப்பும் போதும். டைட்டரை எந்த முறையில், எந்த வெப்பநிலையில் பார்த்தார்கள் என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். முறை மாறினால் எண்ணும் மாறும். இரண்டையும் கலந்துவிட்டால் மொத்தத் தரவும் வீண். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு புள்ளியியலாளரிடம் அந்த அட்டவணையைக் காட்டிவிடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளால் அதில் இன்னும் இரண்டு பத்தி கூடும்.